கடைசி நிமிடத்துக்கு முன்னால்: கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரமும் காவல்துறையின் பொறுப்பும்

1. கேள்வி

துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அமைக்கப்படும் விசாரணை ஆணையங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இயங்குகின்றன: சுட்டது நியாயமா? கல்லெறி நடந்ததா, காவலர் உயிருக்கு ஆபத்து இருந்ததா, எச்சரிக்கை விடுக்கப்பட்டதா, சுட ஆணையிட்டவர் யார், எத்தனை ரவுண்டு சுடப்பட்டது என்பவை அதன் துணைக் கேள்விகள். இவை கேட்கப்படவே வேண்டும். ஆனால் இவை அனைத்தும் விசையை இழுத்த அந்தச் சில நிமிடங்களையே மையமாகக் கொண்டவை. அந்த நிமிடங்கள் வருவதற்குள் மாற்று வழிகள் பெரும்பாலும் அடைபட்டுப் போயிருக்கும். பேச வேண்டியவர்கள் பேசாமல் விட்டிருப்பார்கள். போதுமான காவலர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்க மாட்டார்கள். கூட்டம் திரும்பிச் செல்லும் பாதை அடைக்கப்பட்டிருக்கும். இறுதி நிமிடத்தை மட்டும் ஆராய்கிற விசாரணை, அந்த நிமிடத்தை உருவாக்கியவர்களைத் தன் பார்வையிலிருந்து விலக்கிவிடுகிறது.

பதற்றத்தைத் தணிப்பது களத்தில் நிற்கும் காவலரின் பொறுமையைச் சார்ந்த விஷயம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முதன்மையாக மேலதிகாரிகளின் திட்டமிடல் கடமை என்பதும், இந்தியச் சட்டம் அந்தக் கடமையை எங்கும் தெளிவாக வரையறுக்கவில்லை என்பதும், அந்த இடைவெளியே ஒரே வகைச் சாவுகள் திரும்பத் திரும்ப நிகழக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். காவல் மரணங்களும் ‘என்கவுன்டர்’ கொலைகளும் வேறு சட்டச் சிக்கல்களைக் கொண்டவை. பின்னதற்கு 2014-இல் பி.யு.சி.எல். என்ற உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தனி நெறிமுறைகளையே வகுத்தது. இங்கே பேசப்படுவது பொதுவெளியில் கூடும் மக்கள் கூட்டத்தின்மீது செலுத்தப்படும் பலம் மட்டுமே.

2. சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 148 முதல் 151 வரையிலான பிரிவுகளாகியிருக்கின்றன. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரிதும் மாறவில்லை. நிர்வாக நடுவரோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது சார் ஆய்வாளர் பதவிக்குக் குறையாத ஒருவரோ சட்டவிரோதக் கூட்டத்தையும், பொது அமைதியைக் குலைக்கக்கூடிய, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் அடங்கிய கூட்டத்தையும் கலைந்துபோகும்படி ஆணையிடலாம். கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். சட்டவிரோதக் கூட்டம் இருக்க வேண்டும், ஆணை இடப்பட்டிருக்க வேண்டும், அதன் பிறகும் கூட்டம் கலையாமல் நின்றிருக்க வேண்டும் ஆகிய மூன்று முன்நிபந்தனைகளைப் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் கரம் சிங் வழக்கில் 1979-இலேயே தெளிவுபடுத்தியது.

இந்தப் பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். கூட்டத்தைக் கலைக்க இராணுவம் அழைக்கப்படும்போது, இயன்ற அளவு குறைவான பலத்தையே பயன்படுத்த வேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் இயன்ற அளவு குறைவான சேதமே விளைவிக்க வேண்டும் என்று 149-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கட்டளையிடுகிறது. காவல்துறையைப் பற்றிய 148-ஆம் பிரிவில் அப்படியொரு வரி இல்லை. அன்றாடம் கூட்டத்தைச் சந்திக்கும் படைக்கு எழுத்தில் இல்லாத கட்டுப்பாடு, அபூர்வமாக அழைக்கப்படும் படைக்கு இருக்கிறது. தடியடி, கண்ணீர்ப்புகை, எச்சரிக்கை, இறுதியில் குறைந்தபட்சத் துப்பாக்கிச்சூடு என்ற படிவரிசை மாநிலக் காவல் நிலையாணைகளில்தான் இருக்கிறது. நிலையாணை நிர்வாக அறிவுறுத்தல். அதை மீறுவது பெரும்பாலும் துறைசார் ஒழுங்குப் பிரச்சினையாகவே சுருங்கிவிடுகிறது. இதற்கு மேல், நல்லெண்ணத்துடன் செயல்பட்டவர்களுக்குப் பாதுகாப்பளித்து, அரசின் முன் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்று 151-ஆம் பிரிவு சொல்கிறது.

நீதிமன்றங்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றிருக்கின்றன. 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காவல்துறை கலைத்ததை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, 2012-இல் அது அளவுமீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. கூட்டத்தை நடத்தியவர்களுக்கும் பொறுப்பில் பங்குண்டு என்றது. ஜம்மு காஷ்மீரில் இடம்பெயர்ந்தோர் நடத்திய பேரணி தொடர்பான அனிதா தாக்கூர் வழக்கில் 2016-இல், தொடக்கத்தில் பலத்துக்கு நியாயம் இருந்தாலும் அதன் அளவு மீறக்கூடாது என்றது. இவை முக்கியமான தீர்ப்புகள். ஆனால் இவை தந்தது பெரும்பாலும் இழப்பீடு. அதிகாரிகள் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை எவை என்ற பட்டியல் இவற்றிலிருந்து சட்டமாக உருப்பெறவில்லை.

1990-இல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் இன்னும் நேரடியாகப் பேசுகின்றன. சட்டவிரோதமானாலும் வன்முறையற்ற கூட்டத்தைக் கலைக்கையில் பலத்தைத் தவிர்க்க வேண்டும், இயலாதபோது குறைந்தபட்ச அளவோடு நிறுத்த வேண்டும். உயிரைப் பறிக்கும் நோக்கில் சுடுவது உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே. காயமுற்றவர்களுக்கு உடனடி மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். இக்கோட்பாடுகள் பேச்சுவார்த்தை, சமரசம், கூட்ட உளவியல் ஆகியவற்றில் பயிற்சி தரும்படி அரசுகளிடம் கோருவதும் கவனத்துக்குரியது. தணிப்பு இங்கே அறிவுரையாக நிற்காமல் நிறுவனக் கடமையாகிறது.

3. மூன்று சம்பவங்கள், ஒரே வடிவம்

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கையையும் கைதானவர்களின் விடுதலையையும் முன்வைத்து ஒரு பேரணி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றது. அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளம் தாமிரபரணிக் கரை. ஒரு பக்கம் காவலர்கள், மறுபக்கம் ஆறு. தடியடி தொடங்கியதும் ஓடியவர்களுக்கு எஞ்சிய வழி தண்ணீர்தான். ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறந்ததாக நீதிபதி எஸ். மோகன் ஆணையம் கூறியது. காவல் நடவடிக்கையை அது நியாயப்படுத்தவும் செய்தது. நீரில் மூழ்கினார்கள் என்பதையே காவல்துறையின் பொறுப்பைக் குறைக்கும் காரணமாகக் கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது. கலைந்துபோ என்ற ஆணைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் கலைந்துபோக இடம் இருக்க வேண்டும். வெளியேறும் வழியை உறுதிசெய்யாமல் நடத்தப்படும் தடியடியும் உயிரைப் பறிக்கும் பலமே. படிவரிசையில் தடியடி கீழே இருக்கிறது என்பதாலேயே அது சிறிய பலமாகிவிடாது.

2011 செப்டம்பர் 11 அன்று இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் ஆறு தலித்துகள் இறந்தனர். அஞ்சலி செலுத்த வந்துகொண்டிருந்த தலைவர் ஜான் பாண்டியன் வழியிலேயே கைது செய்யப்பட்ட செய்தி பரவியதும் ஐந்துமுனைச் சந்திப்பில் சாலை மறியல் தொடங்கியது. அங்கிருந்துதான் நிலைமை முற்றியது. நீதிபதி கே. சம்பத் ஆணையம் துப்பாக்கிச்சூட்டை நியாயப்படுத்தியது. சந்திப்பில் அந்த நேரத்தில் நின்ற காவலரின் கோணத்திலிருந்து பார்த்தால் அந்த முடிவுக்குச் சில காரணங்களைச் சொல்ல முடியலாம். ஆனால் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடுகிற நாளில், அந்தக் கூட்டம் எதிர்பார்த்திருக்கும் ஒரு தலைவரைக் கைது செய்தால் பரமக்குடியில் என்ன நடக்கும் என்று கைதுக்கு முன்பே எடைபோட்டிருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். சுட்ட நிமிடம் மட்டுமே நியாயத்தின் அளவுகோலாகும்போது, சாவுக்கு இட்டுச்சென்ற அந்த முந்தைய முடிவு கேள்விக்கு உள்ளாவதே இல்லை.

இவ்விரண்டிலிருந்தும் தூத்துக்குடி பற்றிய நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை வேறுபடுகிறது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-ஆவது நாளான 2018 மே 22 அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் செல்வது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. மே 20-இல் நடந்த சமாதானக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சார் ஆட்சியர். பள்ளி மைதானம் ஒன்றில் போராடிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை ஒரு தரப்பு ஏற்றது, மற்றவர்கள் ஏற்கவில்லை. அதன் பிறகு மீதமிருந்த இரண்டு நாட்களில் ஏற்காதவர்களோடு பேச்சு நீளவில்லை. தடை உத்தரவு வந்தது. அன்றும் மறுநாளும் ஆட்சியர் அலுவலகம், இந்திய உணவுக் கழகக் கிடங்குப் பகுதி, திரேஸ்புரம், அண்ணா நகர் என வெவ்வேறு இடங்களில் நடந்த காவல் நடவடிக்கையில் 13 பேர் இறந்தனர். சீருடை அணியாத காவலர் ஒருவர் வேன் கூரைமீது ஏறி நின்று துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. தன் உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தவர் எடுக்கும் நிலையாக அது இல்லை. தொலைவில் இருப்பவரைத் தேர்ந்து குறிவைக்கும் நிலை அது.

2022-இல் அளித்த அறிக்கையில் ஆணையம் இந்தத் துப்பாக்கிச்சூட்டை நியாயமற்றது என்றது. உரிய எச்சரிக்கை தரப்படவில்லை, தப்பியோடியவர்கள்மீதும் சுடப்பட்டது, மறைவான இடங்களிலிருந்து சுடப்பட்டது என்றும் பதிவுசெய்தது. ஆனால் இந்த அறிக்கையின் தனிச்சிறப்பு, அது நேரத்தில் பின்னோக்கிச் சென்றதுதான். உளவுத் தகவல்கள் உரிய கவனம் பெறாததையும், மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டத்தைத் தாமே நடத்தாமலும் ஊர்வல நாளன்று தலைமையிடத்தில் இல்லாமல் கோவில்பட்டியில் இருந்ததையும், சுடுவதற்கான உத்தரவுகள் துணை வட்டாட்சியர் நிலையிலிருந்த சிறப்பு நிர்வாக நடுவர்களின் பெயரில் வந்ததையும் அது ஆராய்ந்தது. காவல்துறையைச் சேர்ந்த 17 பேர்மீதும் அன்றைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. எனினும் விசாரணை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. திட்டமிடலில் தவறுவது சட்டப்படி கடமை மீறல் என்று எங்கும் எழுதப்படாதவரை, இத்தகைய கண்டறிதல் ஒரு நீதிபதியின் விரிந்த பார்வையாக மட்டுமே நின்றுவிடும்.

4. கூட்டம் என்ற கற்பிதம்

திட்டமிடல் புறக்கணிக்கப்படுவதற்குப் பின்னால் கூட்டத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு இருக்கிறது. கூட்டத்தில் சேர்ந்த மனிதன் அறிவை இழந்து உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்று 1895-இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பான் எழுதினார். பேச முடியாதவர்களை அடக்கத்தான் முடியும் என்பது இதிலிருந்து இயல்பாகக் கிளைக்கும் முடிவு. காலனி ஆட்சியின் கூட்டச் சட்டங்களுக்கும் இதற்கும் அடிப்படை மனப்பாங்கு ஒன்றே. 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாகில் டயர் எச்சரிக்கையின்றிச் சுட்டதையும், நெடுநேரம் சுட்டதையும் அதை விசாரித்த ஹன்டர் குழுவே குறைகூறியது. சுடாமலே கலைத்திருக்க முடியலாம் என்று டயரே அக்குழுவிடம் ஒப்புக்கொண்டார். பஞ்சாப் முழுவதற்கும் பாடம் கற்பிப்பதுதான் அவர் நோக்கமாக இருந்தது.

கடந்த நாற்பதாண்டு ஆய்வுகள் லெ பானின் சித்திரத்தை மறுக்கின்றன. ஸ்டீபன் ரைக்கர், கிளிஃபோர்ட் ஸ்டாட் முதலிய பிரிட்டிஷ் உளவியலாளர்கள் காட்டியது இது: கூட்டத்தில் அமைதியை விரும்புவோரும் மோதலை நாடுவோரும் கலந்தே இருப்பார்கள், காவல்துறை எல்லோரையும் ஒரே எதிரியாக நடத்தும்போது, அதுவரை விலகியிருந்தவர்களும் மோதுவோரோடு தங்களை ஒன்றாக உணரத் தொடங்குகிறார்கள். 2004-இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி இதற்குச் சோதனைக் களமாயிற்று. நகரக் காவல்படை கலவரத் தடுப்புப் பிரிவைக் கண்ணில் படாமல் வைத்து, சாதாரணச் சீருடைக் காவலர்களை ரசிகர்களோடு பேசவிட்டு, தவறு செய்தவர்களை மட்டும் தனித்துக் கையாண்டது; அந்தப் பகுதிகளில் இங்கிலாந்து ரசிகர்களால் பெருங்கலவரம் நேரவில்லை. அதே அணுகுமுறையைக் கையாளாத வேறொரு படையின் பொறுப்பிலிருந்த அல்பூஃபெய்ராவில் கலவரம் வெடித்தது. 2001-இல் கோதென்பர்க் உச்சிமாநாட்டில் போராட்டக்காரர்கள்மீது சுட நேர்ந்த பின்னர், போராடும் அமைப்புகளோடு முன்னும் பின்னும் பேசுவதையே வேலையாகக் கொண்ட உரையாடல் காவலர்களை சுவீடன் உருவாக்கியது.

ஐரோப்பிய அனுபவம் நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு மெரினாவே பதில். 2017 ஜனவரி 17 தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் பெருந்திரளான மக்கள் ஜல்லிக்கட்டை அனுமதிக்கக் கோரி அங்கே அமர்ந்திருந்தனர். போக்குவரத்தைச் சீர்செய்வதில் இளைஞர்களும் காவலர்களும் ஒத்துழைத்தனர். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அதற்கான சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேற இருந்த 23-ஆம் தேதி காலையில் காவல்துறை வெளியேற்றத்தைத் தொடங்கியது. கலந்து பேச நேரம் கேட்டவர்கள் இருந்தும் அது நிற்கவில்லை. அன்று ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ; நடுக்குப்பம் மீன்சந்தை எரிந்தது. சட்டமுன்வடிவு அன்று மாலையே நிறைவேறியது. அதே மக்கள், அதே கடற்கரை. இடையில் மாறியது காவல்துறையின் அணுகுமுறை. சில மணிநேரக் காத்திருப்பு எவ்வளவைத் தவிர்த்திருக்கும் என்பதை உறுதியாக அளக்க முடியாது. ஆனால் காத்திருக்க முடியாத நெருக்கடி எதுவும் அன்று காலை இருந்ததாகத் தெரியவில்லை.

5. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: கல்லும் தீயும் பறக்கும் களத்தில் நொடியில் எடுத்த முடிவை, குளிரூட்டிய அறையில் அமர்ந்து ஆண்டுகள் கழித்து மதிப்பிடுவது அநீதி. இதில் நியாயம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1989-இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் இதையே வலியுறுத்தியது. ஆனால் இந்த வாதம் இக்கட்டுரையின் நிலைப்பாட்டை வலுப்படுத்தவே செய்கிறது. நொடிப்பொழுதில் முடிவெடுத்த காவலருக்குக் காட்டும் சலுகையை, முடிவெடுக்க இரண்டு நாள் இருந்த அதிகாரி கோர முடியாது. ஜிப்ரால்டரில் 1988-இல் பிரிட்டிஷ் சிறப்புப் படை மூவரைச் சுட்டுக் கொன்ற மெக்கேன் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995-இல் இதைத்தான் செய்தது: ஆபத்து இருப்பதாக நேர்மையாக நம்பிச் சுட்ட வீரர்களைக் குறைகூறவில்லை, நடவடிக்கையைத் திட்டமிட்டு வழிநடத்திய விதமே உயிர்வாழும் உரிமையை மீறியது என்று 10-9 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலும், ஆபத்து நேர்ந்த நிமிடத்தை மட்டும் பார்ப்பது போதாது, சூழல் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று 2025 மே மாதம் பார்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. ஆபத்தைக் காவலரே உருவாக்கினார் என்பதை எவ்வளவு கணக்கில் கொள்வது என்ற கேள்வியை அது திறந்தே வைத்திருக்கிறது. ஆயினும் திசை தெளிவாக இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம்: தணிப்பு என்று சொல்லிக் காவலரின் கையைக் கட்டினால் அவர்கள்தான் அடிபடுவார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரக் காவல்துறையில் தணிப்புப் பயிற்சியைக் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தி நடந்த ஆய்வு இதற்கு எதிரான சான்றைத் தருகிறது. பயிற்சிக்குப் பின் பலப் பிரயோகம் சுமார் 28 விழுக்காடும், பொதுமக்களின் காயங்கள் 26 விழுக்காடும், காவலர்களின் காயங்கள் 36 விழுக்காடும் குறைந்தன. தனிநபரை எதிர்கொள்ளும் சூழலில் கிடைத்த இந்த எண்களைக் கூட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், மக்களின் பாதுகாப்பும் காவலரின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற அனுமானத்தை இவை உடைக்கின்றன. போதிய எண்ணிக்கையும் கவசமும் ஓய்வும் இல்லாமல் பெருங்கூட்டத்தின் எதிரே நிறுத்தப்படும் காவலரும் மோசமான திட்டமிடலால் பாதிக்கப்படுகிறவரே.

மூன்றாவது எதிர்வாதம் கடினமானது: எவ்வளவு பேசினாலும் சில கூட்டங்கள் வன்முறையில் இறங்கவே செய்யும், பிறர் உயிருக்கு உடனடி ஆபத்து வந்தால் அரசு கைகட்டி நிற்க முடியுமா? முடியாது. பலத்தை முற்றாக விலக்கும்படி எந்தக் கோட்பாடும் கேட்கவில்லை. தூத்துக்குடியிலும் கல்லெறியும் வாகன எரிப்பும் நடந்தன. ஆனால் வாகனத்துக்கு வைத்த தீ, அந்த இடத்திலேயே இல்லாதவர்மீது, அல்லது முதுகு காட்டி ஓடுகிறவர்மீது சுட உரிமை தராது. பேசியும் பலனில்லை என்று சொல்லும் தகுதி, பேசிப் பார்த்தவர்களுக்கே உண்டு. அதனால்தான் முயற்சிகள் எழுத்தில் பதிவாக வேண்டும் என்பது முக்கியமாகிறது.

6. செய்ய வேண்டியவை

இதுவரை சொன்னவற்றிலிருந்து நான்கு முடிவுகள் பிறக்கின்றன. இராணுவத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சப் பலம் என்ற கட்டளை 148-ஆம் பிரிவிலும் இடம்பெற வேண்டும். பெருங்கூட்டம் எதிர்பார்க்கப்படும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் யார் யாரோடு பேசினார்கள், கூட்டம் வெளியேறும் வழிகள் எவை, ஆயுதம் யாரிடம் எங்கே இருக்கும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், முடிவெடுக்கும் மூத்த அதிகாரி யார் என்பவை அடங்கிய எழுத்துப்பூர்வத் திட்டம் முன்கூட்டியே தயாராகி, பின்னர் ஆவணமாகப் பாதுகாக்கப்பட வேண்டும். விசாரணை ஆணையங்களின் ஆய்வு வரம்பு போராட்ட அறிவிப்பு வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போன வழக்குகளில், 151-ஆம் பிரிவின் முன் அனுமதியைத் தரவோ மறுக்கவோ அரசுக்குக் காலவரையறை விதிக்கப்பட வேண்டும்.

இவற்றில் முதலாவதும் நான்காவதும் சட்டத் திருத்தத்தைக் கோருபவை. குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றமே அதைச் செய்ய முடியும். இரண்டாவதும் மூன்றாவதும் அதைக்கூடக் கோரவில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நிலையாணையைத் திருத்துவதும் ஆணையத்தின் ஆய்வு வரம்பை வகுப்பதும் மாநில அரசின் கையில் உள்ளவை. அருணா ஜெகதீசன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. திட்டமிடல் தவறினால் என்ன நேரும் என்பதை அரசே அமைத்த ஆணையம் அரசின் மேசையிலேயே எழுதி வைத்துவிட்ட பிறகு, அடுத்த சம்பவத்தில் எதிர்பாராத சூழல் என்ற விளக்கத்தை எந்த அரசு தந்தாலும் அதை ஏற்பதற்கில்லை.